கிளியனூர் வெயிலும் ஓர் ஆர்க்கிட் தொட்டியும்

புதுச்சேரிப் பக்கம் கிரகப்பிரவேசத்துக்கு ஆர்க்கிட் தொட்டியைப் பரிசாகக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பீங்கான் கிண்ணத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் நான்கைந்து தடித்த இலைகள், வளைந்த காம்பில் வரிசையாக வெள்ளையோ ஊதாவோ பூக்கள். இரண்டு மாதம் வாடாமல் நிற்கும். பிறகு பூ உதிரும், இலை துவளும், சுருக்கம் விழும். சித்திரை பிறப்பதற்குள் அந்தத் தொட்டி கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கும். "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூர், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊர். அங்கே இந்தத் தீர்ப்பை மறுத்துப் பேச யாருக்கும் தோன்றாது.

ஆனால் அந்தத் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தவர்களுக்கு வேறு ஒன்று தெரியும். வெயிலில் செத்த ஆர்க்கிட்டுகளைவிடத் தண்ணீரில் செத்தவையே அதிகம். இலை துவண்டால் தாகம் என்று நினைத்து இன்னொரு டம்ளர் ஊற்றுகிறோம். வேர் ஏற்கெனவே அழுகியிருந்தால், ஊற்றுகிற தண்ணீரில் ஒரு சொட்டுகூட இலைக்கு ஏறாது. இலை மேலும் துவளும், நாம் மேலும் ஊற்றுவோம். வேரில்லாமல் துவளும் இலையும் தண்ணீரில்லாமல் துவளும் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இந்த வட்டாரத்துக்கு இது புதிய செய்தியே அல்ல. மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையில் வேரழுகல் வந்தால், நிலம் ஈரமாக இருக்கும்போதே செடி தலைதொங்கும். அப்போது யாரும் மோட்டார் போட ஓடுவதில்லை, ஒரு செடியைப் பிடுங்கித்தான் பார்ப்பார்கள். தொட்டியில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய பூச்செடி என்றதும் பிடுங்கிப் பார்க்கக் கை வருவதில்லை.

கடைகளில் விற்கும் இந்தச் செடி பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ். இதன் மூதாதைகள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தைவான் பகுதிகளில் மரக்கிளைகளில் ஒட்டி வளர்ந்தவை. மரத்திலிருந்து உணவை உறிஞ்சும் புல்லுருவி அல்ல இது. கிளையை ஒரு பிடிமானமாக மட்டும் வைத்துக்கொண்டு, மழையையும் காற்றின் ஈரத்தையும் பட்டையில் சேரும் சருகுச் சத்தையும் கொண்டு வாழ்கிறது. மண்ணுக்குள் புதையும் வேர் இதற்கு இல்லை. வேரைச் சுற்றி வெலாமன் என்ற உறை இருக்கிறது, இறந்த செல்கள் பல அடுக்காகச் சேர்ந்தது. காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறம். தண்ணீர் பட்ட நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டு பச்சையாக மாறும். நனைவது, காய்வது, மறுபடி நனைவது என்பதுதான் அதன் வாழ்க்கை. காயவிடாமல் வைத்தால் காற்று கிடைக்காமல் மூச்சுத் திணறி அழுகும். "தெனமும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்கக்கா" என்று சொல்லி அனுப்புகிற கடைக்காரர் மல்லிகைக்குச் சொல்வதையே இதற்கும் சொல்கிறார்.

இந்தத் தப்பை முதலில் செய்தவர்கள் நாம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் கப்பல் கப்பலாக ஆர்க்கிட்டுகளை வரவழைத்தார்கள். வெப்ப நாட்டுச் செடி என்றால் வெந்நீர்க் குளியலறை மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று முடிவு செய்து, கண்ணாடி வீடுகளை இறுக மூடி, உள்ளே நீராவியை நிரப்பினார்கள். செடிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பிறகு சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பேக்ஸ்டன் போன்றவர்கள் சன்னலைத் திறந்து காற்றை உள்ளே விட்டு, ஒவ்வொரு செடியும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று பார்த்து அதற்கேற்ற வெப்பத்தில் வைக்கத் தொடங்கிய பிறகுதான் அவை பிழைத்தன. நாம் பீங்கான் கிண்ணத்துக்குள் தொட்டியை வைத்து, அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் தேங்கவிட்டு, அதே காரியத்தைச் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே முதல் வேலை, செடியை வெளியே எடுப்பது. பூ இருந்தாலும் பரவாயில்லை. தொட்டியை நன்றாக நனைத்துவிட்டு, பக்கங்களை அமுக்கித் தளர்த்தி, வேர் ஒடியாமல் மெதுவாக இழுக்க வேண்டும். பெரும்பாலும் வெளியே தேங்காய் மட்டைத் துண்டோ மரப்பட்டையோ இருக்கும். அதை உதிர்த்துக்கொண்டே போனால், நடுவில் செடியின் அடியை ஒட்டி முட்டை அளவில் ஒரு பாசி உருண்டை அகப்படும். நாற்றாக இருந்தபோது பண்ணையில் வைத்த ஸ்பாக்னம் பாசி அது. வெளிப்பக்கம் காய்ந்து கிடக்கும்போதும் அந்த உருண்டை பிழிந்தால் சொட்டும். பல வீடுகளில் ஆர்க்கிட் செத்ததற்குக் காரணம் இந்த உருண்டைதான், அதை வாங்கியவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். விரலால் பிய்த்து முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

பிறகு வேரை ஓடும் தண்ணீரில் கழுவி, ஒவ்வொன்றாக விரலிடுக்கில் வைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். நல்ல வேர் கெட்டியாக இருக்கும், நனைந்ததும் பச்சை தெரியும். செத்த வேர் பழுப்பாகி, அமுக்கினால் பிசுபிசுத்து நீர் விடும். மேலுறையைப் பிடித்து இழுத்தால் அது உருவிக்கொண்டு வந்துவிடும், நடுவில் இருக்கும் நரம்பு மட்டும் நூலாகத் தொங்கும். அதை அடியோடு வெட்டலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. மட்டைச் சாறு ஏறிப் பழுப்பான வேர்களும் இருக்கும், அவை சாகவில்லை. நிறத்தைப் பார்த்து வெட்டாமல் கெட்டித்தன்மையைப் பார்த்து வெட்ட வேண்டும். தொட்டிக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களை அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் நறுக்குகிறார்கள். அழுகிய செடிக்குக் கடைசியாக மிஞ்சிய உயிர் பல நேரங்களில் அந்த வேர்கள்தான். அவற்றைத் தொட்டிக்குள் திணிக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

வெட்டுகிற கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டியோ ஸ்பிரிட்டில் துடைத்தோ பயன்படுத்த வேண்டும். வெட்டுவாயில் லவங்கப்பட்டைப் பொடி தொடுவது பலர் செய்வது, பூஞ்சைக்கு நல்லதுதான். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும், நல்ல வேர்மேல் தூவினால் அதையும் காய வைத்துவிடும். அழுகல் அதிகமாக இருந்தால் உரக்கடையில் கிடைக்கும் கார்பென்டசிம்–மேங்கோசெப் கலப்புப் பொடியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, வேரைச் சற்று நேரம் முக்கி எடுக்கலாம். பிறகு செடியை நிழலில், காற்றில், அரை நாள் முதல் ஒரு நாள் வரை சும்மா கிடத்த வேண்டும். காயம் ஆறாமல் தொட்டியில் வைத்தால் செய்ததெல்லாம் வீண். பூத்தண்டு இருந்து, வேர் இரண்டு மூன்றுதான் மிஞ்சியிருந்தால், அந்தத் தண்டை வெட்டிக் குவளையில் வைத்துவிடுங்கள். பூவுக்குப் போகிற தெம்பு வேருக்குப் போகட்டும். இதற்கு மனம் வராதவர்கள்தான் அதிகம், அவர்கள் செடியையும் சேர்த்து இழக்கிறார்கள்.

மறுபடி எதில் நடுவது என்பதில்தான் இணையத்தில் படித்த அறிவுரைகள் நம்மைக் குழப்புகின்றன. பைன் பட்டை, பெர்லைட் என்றெல்லாம் தேடி அலைய வேண்டியதில்லை. இஸ்திரிக் கடையில் வாங்கும் அடுப்புக்கரி போதும். சவுக்கோ வேலிக்காத்தானோ, எந்த மரத்துக் கரியானாலும் சரி, சுண்டுவிரல் நுனி முதல் கட்டைவிரல் நுனி வரையான துண்டுகளாக உடைத்து, தூசியைச் சலித்து, கழுவிக்கொள்ள வேண்டும். அதோடு பாதியளவு உடைந்த செங்கல் அல்லது ஓட்டுச் சில்லு. ஈரம் கொஞ்சம் நிற்க வேண்டுமென்றால் தேங்காய் மட்டைத் துண்டு சிறிது சேர்க்கலாம். மட்டையை முதலில் சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, சாயமும் உப்பும் போன பிறகே போட வேண்டும். தென்னைநார்த் தூள் வேண்டவே வேண்டாம், அது நாற்றங்காலுக்கு நல்லது, இதற்கு எமன். தொட்டி மண்ணால் ஆனதாக, பக்கவாட்டிலும் துளை உள்ளதாக இருப்பது நம் வெப்பத்துக்குச் சிறந்தது. வேர் அடங்குகிற அளவுக்குச் சின்னத் தொட்டியே போதும். 'பெரிதாக வளரட்டும்' என்று பெரிய தொட்டியில் வைத்தால் மறுபடி ஈரம் தேங்கும். செடி ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டிவிட வேண்டும், ஆடுகிற செடியின் புது வேர்நுனி கரியில் உரசித் தேய்ந்துபோகும்.

வேரே மிஞ்சவில்லை என்றால்? ஈரப்பாசியோடு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவைக்கச் சொல்கிற முறை ஒன்று உண்டு. குளிர்நாட்டில் அது வேலை செய்யும். கிளியனூரில் சித்திரையில் செய்தால் செடி பைக்குள்ளேயே வெந்துவிடும். மார்கழி, தையில் வேண்டுமானால் முயலலாம், அதுவும் பையைத் தினமும் திறந்துவிட்டு. மற்ற மாதங்களில், அகலமான மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதன் நடுவில் கவிழ்த்த சிறு தொட்டியின் மேல் செடியை மணல் படாமல் வைத்து, நிழலில் விடுவது நல்லது. கடலோரக் காற்றில் இங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதைப் பைக்குள் அடைத்துத் தேட வேண்டியதில்லை.

வெளிச்சத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மேலைநாட்டுப் புத்தகங்கள் தெற்குச் சன்னலையும் வடக்குச் சன்னலையும் வைத்துக் கணக்குச் சொல்லும். அங்கே வடக்குப் பக்கம் நேர்வெயில் ஏறக்குறைய வருவதே இல்லை. கிளியனூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கும், அதன்பின் தலைக்கு மேலே வந்து வடக்கே போய்விடும், ஆகஸ்ட் மூன்றாம் வாரம்தான் திரும்பும். மார்கழி முழுக்க நிழலாக, பத்திரமாக இருந்த வடக்குத் திண்ணை அக்னி நட்சத்திரத்தில் வெயில் விழும் இடமாக மாறுவது இதனால்தான். "வச்ச இடத்திலேயேதானே வச்சிருந்தேன், இலை மட்டும் வெளுத்துக் கருகிப்போச்சே" என்பவர்களுக்குப் பதில் இது. தொட்டி நகரவில்லை, சூரியன் நகர்ந்துவிட்டது. கிழக்குப் பக்கம் எட்டரை, ஒன்பது மணி வரை இளவெயில் படும் இடம் ஆண்டு முழுவதும் ஒத்துக்கொள்ளும். மொட்டைமாடி வேண்டாம். பச்சை வலை கட்டினாலும் பகலெல்லாம் சூடேறிய தளம் இரவு வெகுநேரம் அனலடிக்கும், ஃபெலனாப்சிஸுக்கு இரவுதான் முக்கியம். இது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும் வகைச் செடி. சாயங்காலம் வாசலும் முற்றமும் தெளிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிற வீட்டில், அந்த ஈரத் தரைக்குப் பக்கத்தில் தொட்டி இருந்தால் போதும். செடிமேல் மாலையில் தெளிக்கக் கூடாது.

தண்ணீருக்கு நாள்கணக்கு கிடையாது. வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் காத்திருக்கலாம். உள்ளே தெரியவில்லையென்றால் மெல்லிய மூங்கில் குச்சியைச் செருகிச் சற்று வைத்து எடுத்துத் தொட்டுப் பார்க்கலாம். கரியில் நட்ட செடிக்கு அக்னியில் தினமும் தேவைப்படும், ஆடிக்காற்றில் இன்னும் வேகமாகக் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் கடந்தும் ஒரு சொட்டும் தேவைப்படாமல் போகலாம். காலையில், தொட்டியின் அடியில் ஒழுகி ஓடும் அளவுக்கு நன்றாக ஊற்றி, முழுவதும் வடியவிட வேண்டும். ஐஸ் கட்டி வைக்கச் சொல்லும் யோசனை அமெரிக்கக் கடைகளில் அளவு தவறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நம் ஊருக்கு அதில் பொருளில்லை.

எந்தத் தண்ணீர் என்பதும் கேள்விதான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமாகவோ உப்பாகவோ இருக்கும் வீடுகளில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் படியும், வேர்நுனி கருகும். மழைநீர் கிடைத்தால் அதைப்போல ஒன்றில்லை. தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்தக் குழாயிலிருந்து ஒரு டிரம்முக்கு வழி வைத்துக்கொள்வது பெரிய வேலையல்ல. கொசு புகாத மூடி மட்டும் கட்டாயம். ஏசி இருக்கிற வீட்டில் அதன் குழாயில் சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது.

மழைக்காலத்துக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாள்களில் ஆர்க்கிட்டுக்கு வேரைவிடக் குருத்துக்கே ஆபத்து. ஃபெலனாப்சிஸ் ஒற்றைக் குருத்துச் செடி, இலைகள் கூடும் நடுக்குழியில் தண்ணீர் ஓரிரவு தேங்கினாலே அழுகல் பிடிக்கும். மரத்தில் அது சாய்ந்தும் தலைகீழாகவும் வளர்வதால் தண்ணீர் தானாக வழிந்துவிடுகிறது, நாம்தான் நேராக நிமிர்த்தி வைக்கிறோம். ஐப்பசி பிறந்ததும் தொட்டியைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து, சற்றுச் சாய்த்து வைத்தால் பாதிக் கவலை தீரும். தப்பித்தவறி நனைந்துவிட்டால் துணி நுனியைத் திரித்துக் குழியில் விட்டு ஈரத்தை ஒற்றியெடுக்கலாம். இலையில் நீர்கோத்த பழுப்புப் புள்ளி தோன்றி, நாளுக்கு நாள் பரவி, நாற்றமும் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். பரவிய இடத்துக்கு ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, நல்ல பகுதியோடு சேர்த்து அன்றே வெட்ட வேண்டும்.

அறுவை முடிந்த செடிக்கு உரம் போட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வேரில்லாத செடிக்கு உரம் போடுவது அதைக் கொல்வதற்குச் சமம். ஒன்றிரண்டு மாதம் பொறுத்தால் அடித்தண்டில் பச்சை நுனியோடு புது வேர் எட்டிப்பார்க்கும். செடி பிழைத்ததற்கு அதுதான் அத்தாட்சி, இலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒருமுறை சுருங்கிய இலை முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது, அடுத்து வருகிற இலைதான் தெளிவாக வரும். புது வேர் இரண்டு அங்குலம் நீண்ட பிறகு, உரக்கடையில் 'ஆல் 19' என்று கேட்டால் கிடைக்கும் கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, ஈரமான வேரில் கொடுக்கலாம்.

பூவுக்கு அவசரம் கூடாது. நாள் முழுக்க 28 டிகிரிக்கு மேல் நிற்கும்வரை ஃபெலனாப்சிஸ் இலைதான் விடும், தண்டு விடாது. மார்கழி, தை இரவுகளில்தான் இங்கே அதற்கு வேண்டிய குளிர்ச்சி கிடைக்கிறது, அதுவும் காற்றோட்டமான திண்ணையில் இருந்தால். படுக்கையறைக்குள் மூடிவைத்தவருக்கு அதுவும் கிடைக்காது.

இவ்வளவு பாடுபட விரும்பாதவர்களுக்கு டென்ட்ரோபியம் இருக்கிறது. கல்யாண மேடை அலங்காரத்திலும் பூங்கொத்திலும் நாம் பார்க்கும் ஊதா–வெள்ளை 'சோனியா' அந்த இனம்தான். கரும்புபோலக் கணுக்கணுவாகத் தண்டு விடும், பாதி நிழலில் நம் வெப்பத்தைத் தாங்கும். இலையெல்லாம் கொட்டி வெறும் தண்டு நின்றாலும் வெட்டிவிடாதீர்கள். அந்தத் தண்டுதான் சேமிப்பு, அடியிலிருந்து புதுக் கிளைப்பு அதைக் குடித்துத்தான் கிளம்பும். ஃபெலனாப்சிஸுக்கு ஒற்றைக் குருத்து போனால் ஏறக்குறைய எல்லாம் போயிற்று, இதற்கு அப்படி இல்லை.

'நம்ம ஊருக்கு ஒத்துவராது' என்ற தீர்ப்புக்கு நேரான மறுப்பு இந்தக் கரையிலேயே வளர்கிறது. வில்லியம் ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி 1795இல் வெளியிடத் தொடங்கிய நூல்வரிசையில் படத்தோடு விவரித்த ஆர்க்கிட் ஒன்று உண்டு. இன்று அதற்கு வாண்டா டெசலேட்டா என்று பெயர். கட்டம் கட்டமாகப் பழுப்புக் கோடு ஓடும் இதழ்கள், நீலம் கலந்த ஊதா நாக்கு, நல்ல மணம். தோல்போலத் தடித்து வளைந்த இலைகளோடு, விரல் தடிமன் வேர்களைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, இக்கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளிலும் புதர்க்காடுகளிலும் எந்தத் தொட்டியும் தண்ணீர்க் குவளையும் இல்லாமல் அக்னி நட்சத்திரத்தைக் கடக்கிறது. அந்தக் காடுகளில் மிஞ்சியவை பெரும்பாலும் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற கோயில்காடுகளாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆகவே இதைப் படித்துவிட்டு அரிவாளோடு எந்தக் கோயில்காட்டுக்கும் போய்விட வேண்டாம். மருந்துக்கென்று பறித்தே பல இடங்களில் குறைந்துபோன செடி இது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே அழியும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கைக்குள் இருக்கிறது. அவற்றைக் காப்பாற்றி வைக்க ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் 1963 முதல் ஓர் ஆர்க்கிட் காப்பகமே நடத்துகிறது. வாண்டா வேண்டுமென்றால் நர்சரிகளில் கலப்பின வகைகள் கிடைக்கின்றன. ஆவணியில், வேம்பு, மா போன்ற சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால், அடுத்து வரும் மழையில் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். கொய்யாவில் கட்டாதீர்கள், அது பட்டை உரிக்கும் மரம்.

எவ்வளவு பார்த்தாலும் சில செடிகள் பிழைக்காது. நடுக்குருத்து கருத்து, இழுத்தால் கையோடு வந்து, அடித்தண்டும் மெத்தென்று ஆகிவிட்டால் காத்திருப்பதில் பயனில்லை. செடியையும் கரியையும் குப்பையில் சேர்த்து, தொட்டியைக் கொதிநீரில் கழுவிக் காயவைக்கலாம். அடுத்ததை மார்கழியிலோ தையிலோ வாங்குங்கள், அக்னிக்கு முன் ஊன்றிக்கொள்ள அதற்கு மூன்று மாதமாவது கிடைக்கும். வாங்கும்போது பூவை எண்ணுவதை விட்டுவிட்டுத் தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் தொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. வேர் கெட்டியாகப் பச்சையோ வெள்ளியோ காட்டினால், பூ இரண்டே இருந்தாலும் அதையே எடுங்கள்.